கொழுந்தோடு காய்ந்த பலகை

தங்கச்சி லோங்போர்ட் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான்கு சக்கரம் வைத்த நீளப் பலகை அது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் அதன்மேல் நின்றபடி, எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து லிந்துலை டவுனுக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போவாள். கல்யாண வயசில் இதென்ன கூத்து என்று, வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். கூத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவள் எலும்பைப் பற்றித்தான்.

பழைய பலகை தேய்ந்ததும் புதியது வாங்கக் கொழும்புக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அவள் கண் ஒரு மூங்கில் பலகை மேலேயே இருந்தது. ஏறி நின்றதும் நடுவில் தாழ்ந்தது. சமதரைக்கு அது சுகம், மலை இறக்கத்துக்கு வளையாத பலகைதான் சரி என்றார் கடைக்காரர். மரத்தை மெல்லிய அடுக்குகளாக ஒட்டிச் செய்த கெட்டிப் பலகை ஒன்றைக் காட்டினார். பிடிவாதம் பிடித்து அதையே எடுக்க வைத்தேன். நனைந்தால் துடைத்துக் காற்றில் காயவிடுங்கள், சூடு பட்டால் பசை விட்டுவிடும் என்று அவர் சொன்னதை அவளைவிட நான்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மழை மாதத்தில் எங்கள் பக்கத்துக் காற்றில் எது காயும்? அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கும் அடுப்பில் வேலை. லயத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகூட அந்த மாதங்களில் அங்கேதான் காயும். ஒரு சனிக்கிழமை, நான் துடைத்துச் சுவரோரம் சாய்த்திருந்த ஈரப் பலகையை என்னிடம் கேட்காமலே அப்பா அங்கே தூக்கிக்கொண்டு போயிருந்தார். மாலையில் பெருமையோடு கொண்டுவந்து நீட்டினார்.

“கொழுந்தையே காய வக்கிறவன், இத காய வக்க மாட்டனா?”

தொட்டேன். இன்னும் சுட்டது. ஓரத்தில், அடுக்குகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு. அன்று இரவு தூக்கமே இல்லை.

காலையில் தங்கச்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கோட்டைக் காட்டினேன்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விடுக்கா, அப்பாதானே காய வச்சாரு.”

அப்பா வேறு சிரித்துக்கொண்டே நின்றார். இவர்களோடு பேசி ஜெயிக்க முடியாது. பலகையைப் பிடுங்கி வாசலில் போட்டு, துணி காயப்போடும் கொடிக் கம்பத்தைப் பிடித்தபடி நானே ஏறினேன். வாழ்க்கையில் முதல் முறை. குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை, அவள் சிரித்தாள். இன்னும் உயரமாகக் குதித்தேன். படாரென்று நடுவில் பிளந்தது.

“சூடு கூடிப்போச்சு போல,” என்றார் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“ஒன் வெயிட்டுக்கு இரும்பே ஒடையும்,” என்று தங்கச்சி உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதுகூட உண்மையாக இருக்கலாம். சூடு உடைத்ததா, நான் உடைத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னோடு பேசுவதில்லை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறாள். நான் அவள் கால்களைப் பார்க்கிறேன். இரண்டும் முழுசாக நடக்கின்றன. பேசாவிட்டால் போகட்டும்.