விலை சொல்லப் போன முனியாயி

செருப்பைப் படியில் கழற்றிவிட்டால் முனியாயி பேசமாட்டாள். சுத்தம் செய்ய விலை கேட்டுக் கூப்பிட்ட புது வீட்டுக்குள் முதலில் போவது அவள் பாதம்தான். கூடத்தை நேராகக் கடப்பாள். சமையலறையில் அடுப்புக்கு முன்னால் மட்டும் நின்று இரண்டு முறை மிதித்துப் பார்ப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு எத்தனை மாதத்தது என்று குதிகாலுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "இது ஸ்டோர் ரூம், இது பெரிய ரூம்" என்று காட்டிக்கொண்டிருப்பார். அவளோ மின்விசிறி இறக்கையின் மேல்பக்கம் ஒரு விரல், ஜன்னல் கண்ணாடிப் பட்டையில் ஒரு விரல் என்று தடவிக்கொண்டே போவாள். கடைசியில் பின்கதவைத் திறந்து, வெளியே தொங்கும், தரை துடைக்கும் மாப்பைப் பிழிந்து பார்ப்பாள். ஈரம் சொட்டினால் சிரிப்பாள்.

"காலையிலயே தொடச்சிட்டீங்கபோல."

சிலர் வெட்கப்படுவார்கள். வீட்டைப் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் கூட்டித் துடைத்து வைக்காமல் இருக்கக் கை கேட்காது, வருகிறவள் கூட்டித் துடைக்கிறவளாகவே இருந்தாலும். அதனால் மாப்பு ஈரமாக இருந்தால், கண்ணில் பட்ட விலைக்கு மேலே பத்து வெள்ளி சேர்த்துச் சொல்வது முனியாயியின் வழக்கம்.

தொலைபேசியில் விலை கேட்டால் கிடைக்காது. "போன்ல வீடு தெரியாதுலா, வந்து பாக்கறேன்" என்று வைத்துவிடுவாள். நியாலாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருடம் புல் வெட்டியவள். அங்கே வேலைக்கு அளவு ஆள்தான். இந்த மேட்டுக்கு நாலு ஆள், ஒரு நேரம், அதாவது அரை நாள். டவுன் பக்கம் பாச்சாங்கில் குடியேறி வீடு சுத்தம் செய்யும் தொழிலைத் தொடங்கி ஆறு வருடம் ஆன பிறகும், இரண்டு மாடி வீடோ ஒற்றை மாடி வீடோ, அவள் மனதில் முதலில் விழுவது ஆள் கணக்கு. வெள்ளி அதற்குப் பிறகுதான் வரும்.

விலை சொல்லும்வரை எந்த வீட்டிலும் உட்காரவும் மாட்டாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். "தேத்தண்ணி தொண்டையில எறங்கிருச்சின்னா அப்பறம் எப்படி வாய் தொறந்து எழுவது வெள்ளி கேக்கறது?" என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் ஜானகி டீச்சரின் வீடு குழப்பிவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து அழைத்தவர் டீச்சரின் மகன் தினேஷ்வரன். "அம்மாவுக்கு இடுப்பு வலி, குனிய முடியல. போன தடவ வந்தப்ப வீடு அலங்கோலமா கெடந்துச்சி. பாத்து விலை சொல்லுங்க அக்கா" என்றார். பாச்சாங்கிலேயே, மூன்று தெரு தள்ளி. முனியாயி மறுநாளே மோட்டார் சைக்கிளில் போனாள்.

தரை வழவழவென்று இருந்தது. அடுப்புக்கு முன்னால் நாலு முறை மிதித்தும் குதிகால் வாய் திறக்கவில்லை. மின்விசிறியில் தூசி இருந்தது. ஆனால் கைக்கு எட்டும் உயரத்தில் எங்கும் ஒரு துளி அழுக்கு இல்லை. மாப்பைப் போய்ப் பிழிந்தாள். காய்ந்து விறைத்திருந்தது. கூடத்துச் சிவப்பு சிமென்ட் தரையில் மட்டும் இரண்டு மெல்லிய கீறல்கள், தண்டவாளம்போல், சாமி படத்திலிருந்து சமையலறைவரை ஓடின. பழைய அலமாரி எதையாவது இழுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"வேற யாரும் வந்து செய்றாங்களா டீச்சர்?"

"யாரும் இல்லையே. எவ்ளோ ஆகும்னு சொல்லு."

முனியாயிக்கு ஆள் கணக்கே விழவில்லை. "ஒரு வாரம் எதையும் தொடாம வைங்க. அப்பறம் வந்து பாக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவளோடு வேலை செய்யும் உஷாராணிக்கு இது நல்ல தீனி. "சுத்தமா இருக்கற வீட்டுக்கு வெல சொல்லத் தெரியலயாக்கா? இருவது வெள்ளின்னு சொல்லிட்டு வாங்க. நான் போயி ஃபேனு போட்டுப் படுத்துட்டு வர்றேன்."

"அடுத்த மாசம் அழுக்கு வந்துச்சின்னா? அதே இருவதுக்கு நீதான் தேய்ப்பியா?"

உஷாராணி சிரித்தாலும் அவள் சொல்லி வைத்திருந்தது விளையாட்டில்லை. மாதக் கடைசிக்குள் இன்னொரு நிரந்தர வீடு கிடைக்காவிட்டால் குருபோங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விடுவாள். அதன் பஸ் அவள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அவள் போய்விட்டால் கையிலுள்ள இரண்டு மாடி வீடுகளை முனியாயி தனியாகச் செய்ய முடியாது. விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது வீடு முன்னைவிடப் பளபளத்தது. மேசைக் கால்கள்கூட மின்னின. கீறல் இப்போது அறைக்குள்ளும் திரும்பியிருந்தது. மகன் பொய் சொல்கிறாரா? வேறொருத்தி முந்திக்கொண்டாளா? வேண்டாம் என்று வாயால் சொல்லமுடியாமல் டீச்சர் இப்படித் துரத்துகிறாரா? முனியாயி கூடத்துக்கும் குசினி அடுப்புக்குமாக மூன்று நடை நடந்தாள். டீச்சர் சுவரைப் பிடித்தபடி தேத்தண்ணீரோடு வந்து நின்றார்.

"ரெண்டு தடவ வந்துட்டே. ஒரு வாய் குடிக்கமாட்டேங்கறே. என் வீட்டுல என்னம்மா கொற?"

"ஒரு கொறயும் இல்ல டீச்சர். அதான் கொழப்பமா இருக்கு."

சனிக்கிழமை வந்து முடிவாகச் சொல்வதாகக் கிளம்பினாள். ஆனால் மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது, பொறுக்கவில்லை. வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கே சொல்லாமல் போய் இறங்கினாள். கேட்டைத் தொட்ட கை நின்றது. உள்ளே எதுவோ தரையில் கிறீச்சிட்டது. கொஞ்சம் அமைதி. மறுபடியும் கிறீச்.

ஜன்னல் பட்டைகளின் இடுக்கில் பார்த்தாள். ஜானகி டீச்சர் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மரமுக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளி. கையெட்டும் தூரம்வரை துணியால் துடைத்தார். பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றி, முக்காலியோடு சேர்த்துத் தன்னையும் ஒரு முழம் நகர்த்தினார். முக்காலிக் கால்கள் இரண்டில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கினார். மறுபடியும் துடைத்தார்.

முனியாயி கூப்பிடவில்லை. சாமி படத்திலிருந்து நடுக்கூடம் வருவதற்குள் பதினோரு தடவை அந்தச் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான், "டீச்சர்" என்றாள்.

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் அப்படியே இருந்தார். "சனிக்கெழமதானே வர்றேன்னே?"

"முழு வீட்டுக்கும் எத்தன நாளு ஆவுது?"

"மூணு நாளு. இன்னிக்கி ஹாலு, நாளைக்கி அறைங்க, அப்பறம் குசினி."

"எதுக்கு டீச்சர் இந்தப் பாடு? அதுக்குத்தானே என்னைக் கூப்புட்டீங்க."

"கூப்புட்டது அவன். நீ வந்து பாத்துட்டு, வீடு நாறிக் கெடக்குன்னு அவன்கிட்ட சொல்லுவே. அவன் என்னைத் தூக்கிட்டுப் போயி கோலாலம்பூர் ஃபிளாட்ல வச்சிருவான்."

முனியாயி அவருக்குக் கை கொடுத்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு அந்தக் கீறல்களின்மேல் வெறும் காலோடு நடந்தாள். சாமி படத்திலிருந்து குசினி, அங்கிருந்து அறை, கட்டிலைச் சுற்றி, குளியலறை வாசல்வரை. வேலை எங்கெங்கே கிடக்கிறது என்று தரையே கோடு போட்டு வைத்திருந்தது. மூன்று நாள், ஒரு ஆள், அதுவும் இடுப்பு ஒடிந்த ஆள். குளியலறை வாசலில் கணக்கு விழுந்துவிட்டது.

"ரெண்டு ஆளு, ஒரு நேரம். வாரா வாரம் வியாழக்கெழம. அம்பத்தஞ்சு வெள்ளி."

"வீடு சுத்தமாத்தானே இருக்கு?"

"அத எப்படிச் செஞ்சீங்கன்னு பாத்துதானே வெல சொல்றேன். ஃபேனு சேத்துதான்."

டீச்சர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "அவன் போன் போட்டான்னா என்ன சொல்லுவே?"

"வீடு சுத்தமா இருக்குன்னுதான். பொய்யில்லலா."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போனார். டம்ளர் சத்தம் கேட்டது. தேத்தண்ணீரோடு வந்தவரின் கண், பாதி துடைத்து விட்டிருந்த தரைக்கும் முக்காலிக்கும் போய் வந்தது.

முனியாயி காலால் அந்த முக்காலியைத் தன் பக்கம் இழுத்தாள். அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, டம்ளருக்குக் கையை நீட்டினாள்.