வீடு வரைக்கும் மூச்சு

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் அதிலிருந்து நோயாளி மட்டும்தான் இறங்குகிறார். வந்த புதிதில், ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டு நான் மறுபடி வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். "எதையாவது தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டாள் என்னோடு வேலை செய்யும் மார்கரெட். இவருடைய ஆட்களைத் தேடுகிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "நாளைக்குப் பார்வையாளர் நேரத்தில் வருவார்கள். இப்போது வந்து என்ன செய்யப் போகிறார்கள்?" அவள் சொன்னதில் தப்பில்லை. மேஜை மேல் எல்லாம் வரிசையாக இருக்கிறது: ஆக்சிஜன், சளி உறிஞ்சும் குழாய், அளவுவாரியாக மூச்சுக்குழாய்கள், ஊசி மருந்துகள். சொந்தக்காரர்கள் அந்த வரிசையில் இல்லை.

இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்தத் துறைமுக ஊரிலிருந்துதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய வேனும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பை ஒன்றும், இரண்டையும் பழக்கிவிட டாக்டர் கிரேயும் வந்தார்கள். எங்களுடையது புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. அவர்கள் கொடுப்பது, நாங்கள் கற்பது, பிறகு எங்களில் ஒருவர் இங்கே வந்து மேலும் படிப்பது என்று இரண்டு ஆஸ்பத்திரிகளும் பேசி வைத்திருந்தன. அந்த ஒருவர் நான். ஆனால் நான் இங்கே வருவதற்கு முன்பே, அந்தப் பை எதற்கு என்று எங்கள் ஊர் தனக்குத்தானே ஒரு முடிவு செய்துவிட்டிருந்தது.

குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து கருப்பையா என்ற விவசாயியைக் கொண்டுவந்தார்கள். களத்தில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. மருந்து ஏற்றினோம். ஆனாலும் இமை விழுந்து, கைகால் துவண்டு, மூச்சு நின்றது. டாக்டர் தொண்டையில் குழாய் வைத்தார், நான் பையை அழுத்தினேன். பிறகு கருப்பையாவின் மனைவி செல்லாயிக்குப் பழக்கினேன். அவள் கை என் கையைவிடச் சீராக இருந்தது. கூட வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "வெள்ளைக்காரன் போயிட்டான்னாய்ங்க. இந்தா, காத்தடிக்கத் திரும்பி வந்துருக்கான் பாரு" என்றார் ஒருவர். "நம்ம ஆளு என்ன சைக்கிள் டியூப்பாடா?" என்றார் இன்னொருவர். செல்லாயிகூடச் சிரித்தாள்.

சாயங்காலம் அந்தச் சிரிப்பு இல்லை. கருப்பையாவின் அண்ணன் பெரியசாமி தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "வீட்டுக்குக் கொண்டு போறோம் நர்சம்மா. இங்க போச்சுன்னா போலீசு வரும், அறுத்துருவாங்க. அப்பறம் வீட்டுக்குள்ள கொண்டு போக முடியாது."

டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். இதயம் நன்றாக இருக்கிறது. தூங்குவது தசைகள்தான். விஷம் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதுவரை யாராவது அழுத்திக்கொண்டிருந்தால் பிழைக்க வழியுண்டு. நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பெரியசாமி கட்டிலைப் பார்த்தார். "கேக்குதா? அப்ப, நான் இங்கயே இருக்கேன்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க."

டாக்டருக்கு அதையும் மொழிபெயர்த்தேன். வெளியே மாட்டுவண்டி பூட்டி நின்றது. கடைசியில் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். வேனும் வரும், நர்சும் வருவாள், பையும் வரும், வீட்டையே வார்டாக்கிக்கொள்வோம், தானாக மூச்சு விடும்வரை கை நிற்கக்கூடாது. பெரியசாமி கும்பிட்டு, "அழுத்துறோம் தொரை, நிறுத்தவே மாட்டோம்" என்றார். எனக்கும் நம்பிக்கை வந்தது.

வழியெல்லாம் செல்லாயி அழுத்தினாள், நான் குழாயைப் பிடித்திருந்தேன். வீட்டில் கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். பிணத்தைக் கிடத்துவதுபோல் தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியசாமி என் பக்கத்தில் குனிந்தார், குரலில் அத்தனை பணிவு. "போதும் நர்சம்மா. வந்து சேந்தாச்சு. நீங்க இங்கிட்டு வாங்க."

இன்னும் இரண்டு நாள்தான் என்றேன், கெஞ்சினேன். செல்லாயி விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். "விடுத்தா, அவனச் சித்ரவதை பண்ணாத" என்று பெண்கள் அவள் விரல்களைப் பிரித்தார்கள். நான் பையைப் பிடித்தேன். இரண்டு பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் பொம்பளைப் பிள்ளை, படித்த பிள்ளை என்று, கை பட்டதற்கு மன்னிப்பும் கேட்டார்கள். மூச்சு அடங்க அதிக நேரம் ஆகவில்லை.

வேனில் ஏறும்போது செல்லாயி பின்னால் வந்தாள். "வீட்டுலதானங்க போச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

காரியம் முடிந்ததும் பெரியசாமி ஒரு வாழைத்தாரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எந்தம்பிய உசுரோட வீடு சேத்தீங்க தொரை. ஒங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்" என்று டாக்டரின் காலில் விழப்போனார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். அப்படியே சொன்னேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அந்த வண்டியைத்தான் கேட்டார்கள், ஆளை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி. அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே படிப்பு முடியப்போகிறது. திரும்பிப் போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பாயா, இங்கேயே தங்கிவிடுகிறாயா என்று கேட்கிறார்கள். மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்று பாடத்தை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். பெரியசாமியை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது.

போன வாரம் கப்பல்துறையில் வேலை பார்த்த ஒரு முதியவர் என் கைக்குள்ளேயே இறந்தார். கடைசிவரை பையை அழுத்தினேன். டூட்டி டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். கட்டிலருகே வேறு யாரும் இல்லை. மறுநாள் அவர் மனைவி இஸ்திரி போட்ட இரவுடைகளோடு வந்தார்; செய்தி போய்ச் சேர்வதற்குள் வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்டாராம். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரவுடைகளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "இருக்க வேண்டிய இடத்தில்தானே இருந்தார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். செல்லாயியிடம் சொன்ன அதே ஆமாம். இரண்டுமே பொய்யில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். உன் வீடு எங்கே என்றார். சொன்னேன். அந்தப் பெயரை அவரால் உச்சரிக்க முடியவில்லை.

"ரொம்பத் தூரமா?"

ஆமாம், தூரம்தான் என்றேன். எந்தக் கை அழுத்தினாலும் மூச்சை அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத தூரம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.