மைராம்குல்லின் கைக்கண்ணாடி

"முதுகுலதானே வெயிலு, அப்புறம் கண்ணு ஏண்ணே கூசுது?" என்று கேட்டுக்கொண்டே எதிரே நிற்பவர் முகத்தில் கைக்கண்ணாடியால் வெளிச்சம் அடிக்கிறாள் மைராம்குல். பவுடர் டப்பாவோடு வந்த கண்ணாடி. பவுடர் பூசி அவளை யாரும் பார்த்ததில்லை. தன் தொழிலை விளக்கத்தான் அது.

பிஷ்கெக் நகரின் பழைய குடியிருப்புகளுக்கு முன்னால் 'மலைக்காட்சி' என்று ஒரு பதினாறு மாடி எழும்பி, மற்றவர்களுக்கு மலையையும் மறைத்தது, கைபேசிக் கோபுரத்தையும் மறைத்தது. மலைக்கு மைராம்குல்லிடம் மருந்து இல்லை. கோபுரத்துக்கு உண்டு: எதிர்ச்சுவரில் ஒரு பலகை, அதில் ஆயிரம் சின்னக் கட்டங்கள். தானாக அது எதையும் ஒலிபரப்பாது. கோபுரத்திலிருந்து வந்து விழும் கைபேசி அலையை மடக்கிக் குடியிருப்பு முற்றத்துக்குள் அனுப்பும். எந்த மூலைக்கு என்று அவள் மடிக்கணினியில் தட்டினால், இருந்த இடத்தில் இருந்தபடியே திசை மாற்றும். பலகையால் தலைவலி என்பவர்களுக்கு அவள் பதில்: "உங்க மருமக தராத தலைவலியா?"

போன சனிக்கிழமை அந்த முற்றத்தில், அங்கே குடியிருக்கும் நுர்ஸாதாவின் மகன் எமிலுக்குக் காற்கட்டு அறுக்கும் சடங்கு. கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டிய நூலை, ஓட்டத்தில் ஜெயித்தவர் அறுத்ததும் பிள்ளை நடக்க வேண்டும். அப்பன் உலான் கொரியாவில் வெல்டர். மகன் பிறந்ததை நேரில் பார்க்காதவன். முதல் நடையையாவது போனில் பார்க்க, மேலாளரிடம் கெஞ்சிக் கால்மணி வாங்கியிருந்தான். போனில் வந்தவன் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்துவிட்டது.

மைராம்குல் அண்ணாந்து பார்த்தாள். பலகை முழுக்க ஈரக் கம்பளி விரிப்பு. விருந்துக்கென்று மூன்றாம் மாடி ஸாபர்பேக் துவைத்துத் தொங்கவிட்டிருந்தார்.

"அண்ணே, அது கொடி இல்ல."

"விரிப்பு காயப்போடத்தான் கட்டிக் குடுத்தீங்கன்னு நெனச்சேன். வெயிலு அங்கதானேம்மா நல்லா விழுது."

நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். விரிப்பு குடித்த தண்ணீரெல்லாம் ஸாபர்பேக் தலையில். உலானின் வாய் மூடியது, சிரித்தது. ஓடினார்கள், நூலை அறுத்தார்கள். எமில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டான். கை தட்டினார்கள், பொரித்த மாவுருண்டையைக் காட்டினார்கள். அசையவில்லை.

"இன்னும் மூணு நிமிஷந்தான் இருக்கு, நுர்ஸாதா" என்றது போன்.

மைராம்குல் கண்ணாடியை எடுத்தாள். எமிலின் காலருகே ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. பிடிக்கப் போனான், நகர்ந்தது. எழுந்தான். ஓரடி, இரண்டடி, ஊஞ்சல் பக்கமாக. போனை நீட்டியபடி நுர்ஸாதா பின்னாலேயே போனாள். மைராம்குல்லின் ஒரு கை வெயிலைப் பிள்ளைக்கு முன்னால் நகர்த்த, மறு கை மடிக்கணினியைத் தட்டித் தட்டி, அலையை அவன் பின்னாலேயே அனுப்பிக்கொண்டிருந்தது.