கோல்பாவின் நடுவில்

யாகொதா முதலில் நடந்தாளா, நீந்தினாளா என்று கேட்டால் அவள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவள் பிறந்தது ஆற்றின் குரோவேஷியக் கரையில். அங்கே அந்த ஆற்றுக்குக் கூபா என்று பெயர். எதிர்க்கரையில் ஸ்லோவேனியர்கள் அதையே கோல்பா என்பார்கள். பெயர் இரண்டானாலும் தண்ணீர் ஒன்றுதான். கோடையில் வெதுவெதுப்பாக, பச்சையாக, அவசரமே இல்லாமல் போகும். அந்தக் காலத்தில் இரு கரையும் ஒரே நாடு. சனிக்கிழமை சாயங்காலம் எதிர்க்கரையில் நடன இசை கேட்டால், பாவாடையைத் தலைக்குமேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு நீந்திப் போவாள். ஈரக் கூந்தலோடு ஆடுவாள். அப்படி ஆடின ஒரு சாயங்காலத்தில்தான் சில்வோ அவள் கையைப் பிடித்தான், பிறகு விடவில்லை.

கல்யாணமாகி எதிர்க்கரைக்கு வந்தாள். ஆற்றோரம் வீடு. ஊருக்கு வெளியே தையல் ஆலையில் வேலை. எதிரே, கூப்பிடு தூரத்தில், அண்ணன் ஸ்லாத்கோவின் வீடு. காலையில் இவள் நீந்தப் போகும்போது அவன் அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பான். இரண்டு வார்த்தை கத்திப் பேசிக்கொள்வார்கள்.

பிறகு நாடு உடைந்தது; ஆறே இரண்டு நாடுகளுக்கு எல்லையானது. சில்வோ துப்பாக்கியோடு சில வாரங்கள் காட்டுப்பக்கம் காவல் நின்றுவிட்டு, தாடியோடு திரும்பி வந்தான். "நமக்குன்னு ஒரு நாடு வந்துடுச்சு யாகொதா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் காலையில் தண்ணீரில் மல்லாந்து கிடந்தபோது, தன் தலை ஒரு நாட்டிலும் கால் இன்னொரு நாட்டிலும் இருப்பது போலத் தோன்றி, கூச்சமாக உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

ஆற்றுப் பாலத்தில் எல்லைச் சாவடி வந்தது, கொடிக்கம்பம் வந்தது. ஆற்றில் ஒன்றும் வரவில்லை. அவள் நீந்துவதை யாரும் தடுக்கவில்லை.

ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அன்று காலை எதிர்க்கரையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏய், ஐரோப்பாக்காரி! இன்னிக்கு காபி எப்படி இருந்துச்சு? நேத்து மாதிரியேவா, இல்ல ஏதாவது கூடுதலா இனிச்சுதா?"

"உனக்கு அந்தக் கவலை எதுக்கு? நீ ஐரோப்பாவுக்கு வெளியில நிக்கிற. மாட்டைப் பாரு!"

"மாட்டுக்குத் தெரியலையே, அது உங்க பக்கத்துத் தண்ணியையும் சேர்த்துத்தான் குடிக்குது."

சிரித்துக்கொண்டே கரையேறினாள். ஆனால் ஒன்றியம் இனிப்பாக மட்டும் வரவில்லை. சந்தை திறந்ததும் துணி எங்கெங்கிருந்தோ மலிவாக வந்து இறங்கியது. ஆலைக்கு வந்துகொண்டிருந்த வேலை கிழக்கே போனது. புது முதலாளி வந்தார், சீர்திருத்தம் என்றார். இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். யாகொதா தன் தையல் இயந்திரம் போவதை வாசலில் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து, சீரகமும் உப்பும் தூவி ரொட்டி சுட்டு, சில்வோவுக்குக் கொடுத்துவிட்டு ஆற்றுக்குப் போனாள். அன்று வெகுநேரம் வெளியே வரவில்லை.

தண்ணீரில் கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரப் புல்வெளியைக் குளிக்க வருகிறவர்களுக்குத் திறந்துவிட்டாள். சில படகுகள், மர மேடை, பீர், வறுத்த மீன். ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். அடுத்து வந்த கோடைகளில் ஆறே அவளுக்குச் சோறு போட்டது. எதிர்க்கரையும் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஸ்லாத்கோ நீந்தி வந்து ஒரு பீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நானும் ஐரோப்பாக்காரன், காசு கேட்காதே" என்றான்.

அப்புறம் கம்பி வந்தது.

தெற்கே இருந்து ஆயிரக்கணக்கான அகதிகள் நடந்து வருகிறார்கள் என்று தொலைக்காட்சி சொன்ன இலையுதிர் காலம் அது. ராணுவ வண்டிகள் வந்து, பிளேடு வைத்த சுருள் கம்பியைக் கரை நெடுக விரித்துவிட்டுப் போயின. குளிக்கும் இடங்களில் மட்டும் ஒரு கதவு வைத்தார்கள். யாகொதாவின் புல்வெளிக்கும் ஒரு கதவு, ஒரு சாவி. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீந்தப் போனாள்.

சில்வோவுக்குக் கம்பியில் குறை தெரியவில்லை. "வீட்டுக்குக் கதவு இல்லையா? நாட்டுக்கும் வேணும்" என்றான்.

"கதவு வாசல்லதானே இருக்கும். இது என் படுக்கைக்கு நடுவுல போட்ட மாதிரி இருக்கு."

"உனக்கு எல்லாமே தண்ணிதான். நான் அந்த எல்லைக்காகக் காட்டுல படுத்தவன்."

அதற்கு மேல் பேசினால் சண்டை வரும் என்று இருவருக்கும் தெரியும். அவன் விறகு பிளக்கப் போனான், அவள் ஆற்றுக்குப் போனாள். அந்த வருடங்களில் அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. ஆறு இருக்கும், கரை இருக்காது. நீந்திக்கொண்டே இருப்பாள், பயமும் இருக்காது.

அந்தக் கனவுதான் என்று நினைத்துக்கொண்டாள், ஒரு செப்டம்பர் காலையில் நீந்தும்போது. பனிமூட்டம் தண்ணீரோடு ஒட்டிக்கிடந்தது. எந்தக் கரையும் தெரியவில்லை. பக்கத்தில் எங்கோ யாரோ இருமினார்கள். பிறகு தண்ணீரைக் கையால் அடிக்கும் சத்தம். சத்தம் வந்த பக்கம் நீந்தினாள். ஓர் இளைஞன், பல்லில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவ்விக்கொண்டு, மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தான். பின்பக்கமாகப் போய் அவன் மோவாயைத் தூக்கிப் பிடித்தாள். அவன் திமிறினான். காதருகே, "சும்மா கிட, சும்மா கிட" என்று தன் பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் புரிந்திருக்க வேண்டும். உடம்பைத் தளர்த்தினான்.

நடு ஆறு. அண்ணன் பக்கம் புல் சரிவு, சுலபமாக ஏறலாம். தன் பக்கம் கம்பி. அவன் தண்ணீரிலிருந்து ஒரு கையை உயர்த்தி மூட்டத்துக்குள் நீட்டினான். "ஸ்லோவேனியா?" என்று கேட்டான், கடையில் ஒரு பொருளைக் கேட்பது போல.

யாகொதா தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

கதவைத் திறந்து அவனைப் புல்லில் கிடத்தும்போது சில்வோ படியில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனான். வரும்போது கையில் ஒரு கம்பளி, தன்னுடைய பழைய தோல் ஜாக்கெட். மண்டியிட்டு அந்தப் பையனின் பாதங்களைத் தேய்க்கத் தொடங்கினான். தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "ஃபோன் பண்ணிட்டேன்" என்றான்.

"யாருக்கு?"

"யாருக்குப் பண்ணுவாங்க? போலீசுக்குத்தான்."

அவளுக்கு உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது. ஆனால் அவன் கைகள் அந்த நீலம் பாய்ந்த பாதங்களை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ரொட்டி எடுத்து வர உள்ளே போனாள்.

பையன் பெயர் நவீத். காபூல் பக்கம். ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றான். போலீஸ்காரன் மார்யான் வந்தான். யாகொதாவோடு ஆலையில் வேலை பார்த்தவளின் மகன். நவீத் எழுந்து நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே ஆங்கில வார்த்தையைச் சொன்னான்: அசைலம், அதாவது அடைக்கலம். மூன்று பேரையும் பார்த்துத் தனித்தனியாகச் சொன்னான்.

"கேட்டியா மார்யான்?"

"கேட்டேன் அத்தை."

"எழுதிக்குவியா?"

"மேல இருக்கறவங்க பார்த்துக்குவாங்க. நான் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

சில்வோவின் ஜாக்கெட்டோடே நவீத் வண்டியில் ஏறினான்.

மறுநாள் ஸ்லாத்கோ தொலைபேசியில் கூப்பிட்டான். வழக்கமான கிண்டல் இல்லை. "உங்க போலீஸ் பாலத்துல ஒரு பையனை எங்க பக்கம் ஒப்படைச்சாங்க. வேற வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. உன் வீட்டுக்காரன் ஜாக்கெட் போட்டிருந்தான் யாகொதா. அந்தக் கிழிஞ்ச தோள்பட்டை எனக்குத் தெரியாதா?"

அவள் சில்வோவிடம் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி நறுக்கினான்.

குளிர்காலம் தொடங்கும்போது ஊர்க்கூட்டம் நடந்தது. சுருள் கம்பியை எடுத்துவிட்டு உயரமான இரும்பு வேலி போடப்போவதாகப் பேச்சு. தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பாதுகாப்பு, பிரசல்ஸ், ஒப்பந்தம் என்றெல்லாம் பேசினார். ஊரில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். திராட்சைத் தோட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் தூங்குகிறார்கள், பெண்களுக்குப் பயமாக இருக்கிறது என்றார் ஒருவர். அதுவும் பொய் இல்லை. யாகொதா பேசலாம் என்று நினைத்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

சில்வோ எழுந்திருந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான்.

"போலீசைக் கூப்பிட்டது நான்தான். கூப்பிட்டது தப்புன்னு சொல்லல. சட்டம் இருக்கு, அது பார்த்துக்கும்னு நினைச்சுத்தான் கூப்பிட்டேன். அந்தப் பையன் அடைக்கலம்னு கேட்டான். என் காதால கேட்டேன். நீங்க அவனைத் திருப்பி அனுப்பிட்டீங்க." தொப்பியை நாற்காலியில் வைத்தான். "நான் அந்தக் காட்டுல காவல் நின்னது, கேட்டா பதில் சொல்ற ஒரு நாட்டுக்காக."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்படின்னா உன் வீட்டுலயே வச்சுக்கோயேன்!" என்றான். சிரிப்பு எழுந்தது.

"வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு சில்வோ உட்கார்ந்தான்.

வேலி வந்தது. அந்தப் பேச்சினால் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது யாகொதா அவன் கைக்குள் கையை நுழைத்துக்கொண்டாள். மறுநாள் முதல் புல்வெளிக் கதவை அவள் பூட்டவில்லை. ரோந்து வரும் மார்யான் பூட்டிவிட்டுப் போவான். சில்வோ போய்த் திறந்துவிட்டு வருவான்.

நவீத் என்ன ஆனான் என்று தெரியவில்லை. ஸ்லாத்கோ விசாரித்துப் பார்த்தான், பிடி கிடைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஆட்சி மாறி, வேலியைக் கழற்றினார்கள். ஒரு புத்தாண்டில் இரு நாடுகளுக்கும் இடையே எல்லைச் சோதனை நின்று, பாலத்துச் சாவடியும் காலியானது. ஊர்க்காரர்கள் அங்கே ஒயின் ஊற்றிக் கொடுத்தார்கள். ஸ்லாத்கோ பாலத்தின் நடுவில் சாவடியைச் சுற்றிச் சுற்றி ஆடினான். அந்த இலையுதிர் காலத்திலேயே மறுபடி பாலத்தில் போலீசார் நின்று அடையாள அட்டை கேட்டார்கள்; தற்காலிகம் என்றார்கள். ஆற்றங்கரையில் மட்டும் கம்பி திரும்பி வரவில்லை.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை யாகொதா தண்ணீரில் இறங்கியபோது, பின்னால் சில்வோ கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"என்ன, மீன் பிடிக்கப் போறியா?"

"கத்துக் குடு" என்றான். இத்தனை வருடம் ஆற்றோரம் குடியிருந்தும் அவனுக்கு நீந்தத் தெரியாது. "அன்னிக்கு நீ நடுவுல அந்தப் பையனோட மாட்டியிருந்தா, நான் படியிலேயே நின்னிருப்பேன்."

அவள் அவனைத் தண்ணீரில் மல்லாத்தினாள். அவன் முதுகுக்கடியில் உள்ளங்கையை வைத்தாள். அறுபது வயசு உடம்பு கல்லாக விறைத்திருந்தது.

"விடாத, விடாத, காலு தரையில படல!"

"படவேண்டாம். மூச்சை இழு. மேல பாரு."

மேலே பாப்ளார் மரங்கள் மெல்ல நகர்ந்தன. அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. காதுக்குள் தண்ணீர் போனதும் ஊர்ச் சத்தம் அடங்கி, ஆற்றின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. அவள் எப்போது கையை எடுத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஆறு இழுத்த பக்கம் மிதந்துகொண்டிருந்தான்.

"இப்ப எந்தப் பக்கம் இருக்கேன்?" என்று கேட்டான்.

யாகொதா அவன் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். "பேசாத, வாய்க்குள்ள தண்ணி போகும்" என்றாள்.