மலையேறி வந்த ஆமை

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டு அத்தாயிக்கு மலை ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போவாள். திரும்பும்போது உப்பும் கருவாடும் கொண்டுவருவாள். அப்போது ஒற்றையடிப் பாதைதான். பதினைந்து வருஷம் நடந்ததில், எந்தப் பிராணி எந்தத் திருப்பத்துக்கு மேல் ஏறாது என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

1934 தையில் மதராஸிலிருந்து மாணிக்கம் என்பவர் வந்து மலைமேல் செம்மேட்டில் தங்கினார். ஆமை, பாம்பு, ஓணான் எல்லாம் எங்கெங்கே வாழ்கின்றன என்று குறித்துக்கொள்வது அவர் வேலை. சாமைக் காட்டோரம் ஒரு நட்சத்திர ஆமையைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு உயரத்தில், இந்தக் குளிரில் இதை யாருமே கண்டதில்லை என்று கூடியிருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

கூட்டத்தில் நின்ற அத்தாயிக்குச் சங்கடமாகிவிட்டது. ஓட்டிலிருந்த வடுவைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துபோயிற்று. போன கோடையில் காரவள்ளிப் பாறையில் மல்லாந்து கிடந்த ஆமை அது. பாவமென்று உப்புக் கூடையில் வைத்துத் தூக்கி வந்தாள். ஆமை புகுந்த வீடு விளங்காது என்று மாமியார் வாசலிலேயே மறிக்கவும், காட்டோரம் விட்டுவிட்டாள். இப்போது சொன்னால் அந்த மனுஷர் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் பொய்யல்லவா எழுத்தில் ஏறும்?

"ஏனுங்க, அது இங்கத்த ஆமை இல்லீங்க," என்றாள். "நாந்தான் கீழிருந்து கொண்டாந்தேனுங்க."

மாணிக்கம் குறிப்பேட்டில் எழுதியதை அடித்தார். "நீ சொல்லலைன்னா நான் ஊருக்கெல்லாம் தப்பாச் சொல்லியிருப்பேன்மா," என்றவர், வேறு எது எங்கே இருக்கும் என்று கேட்கத் தொடங்கினார்.

மறுநாள் ஆமையையும் எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். ஈரமண்ணுக்குள் நெளியும் மொட்டைவால் பாம்பு எந்த ஓடையோடு நின்றுவிடும், ஆமை எந்த முட்புதர் வரை ஏறும் என்று அவள் காட்டக் காட்ட அவர் எழுதினார். அந்தப் பாம்பு வகை நம் தென்னாட்டையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்குமே இல்லை என்றார். ஆமைகளோ ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கண்டம் கண்டமாக இருக்கின்றனவாம். நடுக்கடல் தீவுகளில் ஆள் ஏறி உட்காரும் அளவுக்கு வளருமாம்.

"அங்க அதுகளை யாருங்க சொமந்துட்டுப் போனது?" என்று கேட்டாள் அத்தாயி.

மாணிக்கம் சிரித்துவிட்டார். கடலில் மிதந்தே போய்ச் சேர்ந்திருக்கும் என்று விளக்கினார். முட்புதர் நிழலில் ஆமையை இறக்கிவிட்டு, இருவரும் அங்கேயே உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றார்கள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவர் வந்தார். அத்தாயி துணைக்கு வராமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். சுமை தூக்கக் கூப்பிட மட்டுமே ஆட்கள் வந்த தன் வாசலுக்கு, தனக்குத் தெரிந்ததைக் கேட்க ஒருவர் வருவது அவளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.