ஒரு நாளைக்கு வந்த தையல் மிஷின்கள்

இரண்டு வருஷம் மழை பொய்த்ததில் செஞ்சியில் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லை மூடிவிட்டார்கள். பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வேலை தேடி மெட்ராஸ் போனார். அப்போதுதான், வேலை போன பெண்களுக்குச் சர்க்கார் செலவில் தையல் கற்றுத்தரப் போவதாகத் தெருத்தெருவாகத் தமுக்கடித்தார்கள். தள்ளியிருக்கும் வல்லம் கிராமத்திலிருந்துகூடப் பெண்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

கோட்டைக்குப் போகும் சாலையில் ஓர் ஓட்டுக் கட்டடம். கரும்பலகை இருந்தது, டீச்சர் இருந்தார், மிஷின்தான் இல்லை. கேட்டால், "வந்துக்கினே இருக்குது" என்பார். மாசக்கணக்கில் அது வந்துகொண்டே இருந்தது. பலகையில் வரைந்த மிஷினைப் பார்த்து, எது சக்கரம், எது ஊசி என்று பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தோம். பழைய பேப்பரில் ரவிக்கை வெட்டினோம்.

ஒரு நாள் காலை வாசலில் மாட்டுவண்டி நின்றது. நிஜமான மிஷின்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் ஒன்றைத் தொட்டேன். பக்கத்தில் நின்ற கடைத்தெருத் தையற்காரர் கத்தினார்: "பாத்து எறக்குங்கப்பா! தீபாவளித் துணி மலையாட்டம் கெடக்குது. சாயங்காலம் மிஷின் கடைக்கு வந்துடணும், ஆமா."

பயிற்சியைப் பார்வையிட அதிகாரி வருகிறாராம். அதற்காகக் கடைகளில் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

டீச்சர் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு துணியைச் செருகி, எங்களை முன்னால் உட்காரவைத்தார். "சும்மா கால மெதிச்சிக்கினே இருங்க. துணியத் தொட்டுக் கெடுத்துடாதீங்க."

அதிகாரி கழுத்தில் போட்ட மாலையோடு என்னிடம் வந்து நின்றார். "நல்லா கத்துக்கிட்டீங்களாம்மா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இன்னிக்கித்தான்யா மிஷினையே கண்ணால பாக்குறோம். காலைல வண்டில வந்துது. சாயங்காலம் பூடும்."

மிதித்துக்கொண்டிருந்த கால்கள் எல்லாம் நின்றன. அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்தார். "தைரியமான பொண்ணு" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜியும் காபியும் வைத்திருந்த அறைக்குப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் டீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "உன்னால எங்க வேலையே போயிருக்கும். இனிமே வராத."

"எங்க வேல பூட்டுதுன்னுதானம்மா இங்க வந்தோம்" என்றேன்.

உள்ளே இருந்தவர்கள் குனிந்து பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வல்லத்துக்காரி ஒருத்தி மட்டும் பின்னாலேயே ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "நீ சொன்னது நெசம்தான்க்கா. ஆனா மத்தியானம் கோதுமை உப்புமா குடுக்கறாங்களே. அதையும் உட்டா எங்க போவேன்?" அவளிடம் எப்படிக் கோபப்படுவது?

நேரே தையற்காரர் கடைக்குப் போனேன். "எனக்குக் கத்துக்குடுங்கண்ணா."

"கடைல பொம்பளைய ஒக்கார வச்சா ஊரு இன்னா பேசும்?" என்றார். கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "வூட்டுக்குள்ள ஒரு மிஷின் கெடக்குதே. இங்க வரட்டும், நான் கத்துக்குடுக்குறேன்" என்றாள்.

முதலில் நூல் அறுந்தது, விரலில் ஊசி ஏறியது. தீபாவளிக்குள் நான் உள்பாவாடை தைத்தேன். பொங்கலுக்கு ரவிக்கை. முதல் ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தையற்காரர் மனைவி நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பழைய மிஷினும், சொல்லித்தர மனசுள்ள ஒருத்தியும் போதுமாக இருந்த விஷயத்துக்கு, அத்தனை பெண்களை மாசக்கணக்கில் பேப்பர் வெட்ட வைத்தார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.