பிரபுக்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

“இந்தத் தாடிக்காரன் என்னா சொல்றான்?”

“‘உங்க பிரபு அனுப்புன ஒயின்ல விஷம் இருந்துச்சு, என் நாய் செத்துப் போச்சு’ன்னு சொல்றாரு.”

நெத்திலியின் தலையைக் கிள்ளியபடியே பிரேமாவதி பதில் சொல்கிறார். கண் மட்டும் டிவியில் ஓடும் ஆங்கில எழுத்துகளில் இருக்கிறது. கன்ட்ரோலரோடு தரையில் உட்கார்ந்திருப்பவர் கணவர் காளிதாசன், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கேம் அது. கோட்டை, குதிரை, ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்க்கும் பிரபுக்கள். குதிரை ஓட்ட காளிதாசனுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது, ஆங்கிலம்தான் வரவில்லை. ஆகவே புக்கிட் செலம்பாவில் அந்த வீட்டில் சனிக்கிழமைதோறும் அரண்மனைச் சதிகள் தமிழில்தான் நடக்கின்றன.

பிரேமாவதிக்கு இது பழகிய வேலை. பத்தொன்பது ஆண்டுகளாகக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். சிடாம் கிரியில் வேலிச் சண்டை போட்ட ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டிய திட்டை, ஒரு சொல் குறைக்காமல், முகம் சுளிக்காமல், மாஜிஸ்திரேட்டிடம் மலாயில் ஒப்பித்தவர். மாஜிஸ்திரேட்தான் தண்ணீர் குடித்தார்.

வீட்டிலும் அதே கறார். பிரபு பொய் சொல்கிறாரா என்று காளிதாசன் கேட்டால், “சாட்சி சொன்னத சொல்றேன். நெசமா பொய்யான்னு நீங்கதான் பாத்துக்கணும்லா,” என்பார். கணவர் ஏமாந்து பாதாளச் சிறையில் போய் உட்கார்ந்தாலும் சரி. கட்டின பெண்டாட்டி ஒரு சாடை காட்டக்கூடாதா என்று அவர் புலம்பியதுண்டு.

போன சனிக்கிழமை பிற்பகலிலும் ஆட்டம் நடந்தது. மறுநாள் யான் என்ற ஊரில் கல்யாணம். பெண், காளிதாசனின் அண்ணன் அழகேசனின் மகள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது, காளிதாசனின் லோரி ஜொகூரிலிருந்து வந்து சேருமுன் அண்ணன் பிணத்தை எடுத்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அண்ணனே தம்பி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்து, பிரேமாவதியிடம் பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“நான் வரல. நீ வேணும்னா பஸ்ல போ,” என்று காளிதாசன் பேச்சை முடித்துவிட்டார். பத்திரிகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. இதற்கும் போகாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் ஒட்டாது என்பது பிரேமாவதியை நான்கு நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

கேமிலும் அன்று அண்ணன் தம்பிச் சண்டைதான். வடக்குக் கோட்டை அண்ணனுக்கு, தெற்குக் கோட்டை தம்பிக்கு. தம்பியின் தூதராகக் காளிதாசன் அண்ணன் பிரபுவின் முன்னால் போய் நின்றார். பிரபு மேசையைக் குத்தி ‘நெவர், நெவர்’ என்று கத்தினார். இனி ஒருநாளும் அவன் என் தம்பி இல்லை, வாசலை மிதித்தால் தலை இருக்காது என்று எழுத்து தெளிவாகவே ஓடியது.

“என்னா சொல்றான்?”

நெத்திலியைக் கிள்ளிய கை நின்றது.

“‘அன்னிக்கு நான் காத்திருந்திருக்கணும். தப்பு என் மேலதான். தம்பி வந்தா போதும்’னு சொல்றாரு.”

காளிதாசன் திரையையே பார்த்தார். “இவ்ளோ கோவமாவா?”

“அண்ணன்மாருங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

ஒரு சொல்லை மாற்றினாலும் அது பொய்சாட்சி என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் பாடம் எடுக்கும் வாய். பிரேமாவதிக்கு வெட்கமாக இருந்தது. சொன்னதைத் திரும்பப் பெறவும் மனமில்லை.

காளிதாசன் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். பிரேமாவதி கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அவர் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“நெவர்னா என்னான்னு எனக்கும் தெரியும், பிரேமா,” என்றார், தலை நிமிராமல்.

பிரேமாவதி துடைத்த கையையே மறுபடியும் முந்தானையில் துடைத்தார்.

“ஒம்போது மணி முகூர்த்தம். ஏழுக்கே கெளம்பிடணும்,” என்றார் காளிதாசன்.

முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, குந்தியபடியே பின் டயருக்கு நகர்ந்தார்.